டேப்லெட் கணிப்பொறிக்குப் புதிதாக இயங்குதளம் இடுதல்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, அவிநாசி வட்டத்து நெசவாளர் அங்கத்தினர் ஒருவர், துண்டில் சுற்றிய டேப்லெட் கணிப்பொறி ஒன்றுடன் நமது அலுவலகத்திற்கு வந்தார். நம் ஊரில் யாவரும் 'டேப்' என்று சுருக்கி அழைக்கும் கருவிதான் அது. முந்திய நாள் மாலை, புதிய பதிப்பு வந்திருப்பதாகவும் அதனை ஏற்றிக்கொள்ளலாமா என்றும் அக்கருவி கேட்டிருக்கிறது. அவரும் சம்மதம் என்று தொட்டிருக்கிறார். அரை மணி நேரம் கடந்தும் திரை மாறாதிருக்கவே, யந்திரம் நின்றுவிட்டதாகக் கருதி, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டார். மறுபடி இயக்கியபோது, உற்பத்தியாளரின் பெயர் மட்டும் தோன்றுவதும் மறைவதுமாக இரவெல்லாம் கழிந்தது.

டேப் பழுதானதைப் பற்றி அவர் அதிகம் கவலைப்படவில்லை. அவருடைய தந்தையார் பல்லாண்டுக் காலம் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருந்த சேலைக் கரை மாதிரிகளும் முந்தி மாதிரிகளும் சுமார் 140 அதில் படங்களாக இருந்தன. மூலத் தாள்களைக் கரையான் தின்றுவிட்டது. "பெட்டி போனாப் போகுதுங்க, படம் மட்டும் வந்தாப் போதுங்க" என்பதே அவருடைய கோரிக்கை.

அவர் கடைக்குப் போகாமல் நம்மிடம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்திய ஆண்டில் அதே வீதியில் குடியிருக்கும் மற்றோர் அங்கத்தினரின் டேப் இவ்வாறே நின்றுபோக, அவர் அதனைப் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் அது புதியது போலத் திரும்பி வந்தது. உண்மையிலேயே புதியது போல. உள்ளே ஒன்றுமே இல்லை. "ஏனுங்க, படமெல்லாம் எங்கீங்க?" என்று கேட்டதற்கு, "டேப் ஓடுதே, அதே பெரிசுங்க" என்று பதில் கிடைத்தது. பழுது பார்த்தவர் வஞ்சனை ஏதும் செய்துவிடவில்லை. இயக்கித் தருவதாகச் சொன்னார், இயக்கியும் தந்தார். எது அழியப் போகின்றது என்று கேட்க உடையவருக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டுமென்று மற்றவருக்குத் தோன்றவில்லை. அவ்வாறு கேட்பதற்கு வேண்டிய அளவு விஷயத்தை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயங்குதளம் என்பது யாது? நெசவாளர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஜக்கார்டு பூட்டிய தறியை எண்ணிப் பாருங்கள். மரச்சட்டமும் பண்ணையும் நாடாவும் ஒரு பங்கு. எந்தப் பாவு இழை எப்பொழுது மேலே எழ வேண்டும் என்று துளைகளால் கட்டளையிடும் அட்டைக் கோவை இரண்டாம் பங்கு. நெய்து முடித்துச் சுருட்டப்பட்ட சேலை மூன்றாம் பங்கு. டேப்பில் கண்ணாடியும் மின்கலமும் சில்லுகளும் தறி. இயங்குதளம் அட்டைக் கோவை. நாம் எடுத்த படங்களும் எழுதிய கணக்குகளும் நெய்த துணி. இவ்வுவமை வெறும் அலங்காரமும் அன்று. பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் அமைத்த துளையட்டை முறையைக் கண்டே, இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்கீட்டு யந்திரத்திற்கும் துளையட்டைகளால் கட்டளையிடலாம் என்று கருதினார். கணிப்பொறிக்கும் தறிக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

அட்டைக் கோவை நடுவில் கிழிந்துபோனால் தறி ஓடாது. ஆனால் அதனால் தறியும் கெடுவதில்லை, சுருட்டிய துணியும் கெடுவதில்லை. புதிய அட்டை கட்டினால் போதும். நமது அங்கத்தினரின் டேப்பிற்கு நேர்ந்ததும் இதுவே. பாதி எழுதிய நிலையில் மின்சாரம் நிறுத்தப்பட்டமையால், பழைய கட்டளைகளும் முழுமையாக இல்லை, புதியனவும் முழுமையாக இல்லை. பழைய அமைப்புள்ள டேப்களில்தான் இந்த அபாயம் பெரிது. 2016-ஆம் ஆண்டில் வந்த ஆண்டிராய்டு 7-ஆம் பதிப்பிலிருந்து, இயங்குதளத்திற்கு இரண்டு அறைகள் வைத்து, ஓர் அறையிலிருந்து யந்திரம் ஓடிக்கொண்டிருக்க மற்றோர் அறையில் புதியதை எழுதும் முறைக்கு வழி செய்யப்பட்டது. அம்முறையில் புதியது எழும்பாவிட்டால் யந்திரம் பழையதற்கே திரும்பிவிடும். எல்லா உற்பத்தியாளர்களும் அதனை உடனே மேற்கொள்ளவில்லை.

டேப்பின் நினைவகம் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதை அங்கத்தினர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பொத்தானை அழுத்தியவுடன் முதலில் விழிப்பது 'பூட்லோடர்' என்னும் சிறு நிரல். அதனை வாயிற்காவலன் எனலாம். அடுத்து இயங்குதள அறை. பழுது நேர்ந்தால் உதவும் 'ரெக்கவரி' என்னும் சிறிய அவசர அறை ஒன்று உண்டு. இறுதியில் நம் உடைமைகள் உள்ள தரவு அறை. டேப் பெயரளவில் நின்று மேலே செல்லாதபோது, அனேகமாக இயங்குதள அறை மட்டுமே கெட்டிருக்கும். காவலனும் அவசர அறையும் நலமாகவே இருப்பர். திரையில் உற்பத்தியாளரின் பெயராவது தோன்றுகிறதென்றால் காவலன் விழித்திருக்கிறான் என்று பொருள். அந்த நிலையில், உள்ளிருக்கும் பலகையே போய்விட்டதென்று யாரேனும் சொன்னால் உடனே நம்பிவிட வேண்டியதில்லை.

இனி, கடைகளில் மிகவும் குழப்பப்படும் ஒரு வேறுபாட்டிற்கு வருவோம். 'பாக்டரி ரீசெட்' என்பது ஒன்று. இயங்குதளத்தைப் புதிதாக இடுவது மற்றொன்று. முன்னது தரவு அறையைத் துடைத்துவிடும். இயங்குதள அறையைத் தொடவே தொடாது. துணியைக் கொளுத்திவிட்டுக் கிழிந்த அட்டையை அப்படியே விடுவதற்கு ஒப்பானது அது. செயலி ஒன்று கெட்டதால் யந்திரம் நின்றிருந்தால் அது பலன் தரும். இயங்குதளமே கெட்டிருந்தால், படங்களும் போய், யந்திரமும் எழும்பாமல், இரட்டை நஷ்டமே மிஞ்சும். அப்படியிருந்தும் பலர் முதலில் செய்வது ரீசெட்தான். ஏனெனில் அதற்குக் கணினியும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். இரண்டு பொத்தான்கள் போதும். அவசர அறையின் பட்டியலில் 'வைப் டேட்டா' என்று எழுதியிருக்கும் வரி அதுவே. அதற்கு அருகிலேயே சில டேப்களில் 'வைப் கேஷ்' என்றொரு வரி இருக்கும். அது தற்காலிகக் குப்பையை மட்டும் அகற்றுவது, தீங்கற்றது. ஒரு வரி தவறித் தொட்டால் வாழ்நாள் உழைப்பு போய்விடும் என்பதால், அந்தப் பட்டியலை ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்திலிருந்து பார்ப்பது நலம்.

துடைத்த பிறகு மென்பொருள் கொண்டு மீட்டுத் தருவதாகச் சொல்பவர்களும் இருக்கின்றனர். பழைய நினைவட்டைகளில் அது ஓரளவு கூடும். ஆனால் ஆண்டிராய்டு 10-ஆம் பதிப்புடன் வெளிவந்த டேப்கள் தொடங்கி, தரவு அறை முழுவதும் மறையெழுத்தாகவே எழுதப்படுகின்றது. ரீசெட் செய்யும்போது அம்மறையெழுத்தைப் படிக்கும் திறவுகோலும் அழிக்கப்படுகிறது. திறவுகோல் போனபின் மிஞ்சிய எழுத்து எவருக்கும் பயன்படாது. ஆகையால் இதற்காகப் பணம் கொடுப்பது வீண்.

நமது அங்கத்தினரின் டேப்பிற்கு நாம் செய்தது என்னவெனில், தரவு அறையைத் தொடாமல் இயங்குதள அறையை மட்டும் திரும்ப எழுதியதே. அதற்கு வேண்டியவை மூன்று: ஒரு கணினி, நல்ல கேபிள், அந்த டேப்பிற்கே உரிய இயங்குதளக் கோப்பு.

கணினி பெரியதாக இருக்க வேண்டுமென்பதில்லை. 2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தாலும் போதும். அவற்றுள் பலவற்றில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் முதன்முதலாக வெளியிட்ட 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இடப்பட்டிருந்தது. இக்காரியத்திற்கு வேண்டிய 'ஏ.டி.பி.' என்னும் சிறு கருவி நிரல் இரண்டிலும் ஓடும். கூகிள் நிறுவனம் அதனை இலவசமாகவே தருகிறது. மேசைக் கணினியைவிட மின்கலம் உள்ள மடிக்கணினியே உசிதம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதை இக்கட்டுரையின் தொடக்கத்திலேயே கண்டோம். மாதாந்திரப் பராமரிப்புக்கென்று மின் நிறுத்தம் அறிவித்த நாளில் இதனைத் தொடங்கவே கூடாது. டேப்பையும் முதலில் முழுவதுமாகச் சார்ஜ் செய்துகொள்ள வேண்டும்.

கேபிள் விஷயத்தில் நாமே ஏமாந்தோம். அரை நாள் கணினி டேப்பைக் காணவேயில்லை. நிரலைக் குறை கூறினோம், கணினியைக் குறை கூறினோம். கடைசியில் பார்த்தால், நாம் பயன்படுத்திய மலிவுக் கேபிள் சார்ஜ் மட்டும் செய்யக்கூடியது. தகவல் செல்லும் கம்பிகளே அதில் இல்லை. பக்கத்து மேசையிலிருந்த வேறு கேபிளை மாட்டியவுடன் கணினி கண்டுகொண்டது.

கோப்புதான் முக்கியமானது. ஒரே பெயருடைய டேப்பில் சிம் உள்ளது, சிம் அற்றது, இந்த ஆண்டினது, சென்ற ஆண்டினது என்று பல வகைகள் உண்டு. பின்புறத்திலோ பெட்டியின் மீதோ உள்ள மாடல் எண் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். 60 கொக்கி ஜக்கார்டு அட்டையை 120 கொக்கிப் பெட்டியில் மாட்ட முயல்வாருண்டோ? அன்றியும், கோப்பில் உற்பத்தியாளரின் மின்னணு முத்திரை இருக்கும். நூல் கட்டின் மேல் மில் முத்திரையைப் பார்த்து வாங்குவது போல, வாயிற்காவலன் அம்முத்திரையைச் சரிபார்த்த பின்னரே உள்ளே விடுவான். முத்திரை பொருந்தாத கோப்பையும், இருப்பதைவிடப் பழைய பதிப்பையும் பெரும்பாலும் மறுத்துவிடுவான். ஆதலால் உற்பத்தியாளரின் சொந்தத் தளத்திலிருந்தே கோப்பைப் பெற வேண்டும். கூகிள் தன் நெக்ஸஸ், பிக்ஸல் கருவிகளுக்கான முழுக் கோப்புகளை எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டிருக்கிறது. இவ்வாறு வெளியிடாத நிறுவனங்களும் உண்டு. அவற்றின் டேப்களுக்கு அந்நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பழுது நிலையமே வழி. அங்கும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுவே: "தரவு அறையைத் தொடாமல் இட முடியுமா?"

இக்கேள்விக்கு இடமுண்டு என்பதற்குச் சில உதாரணங்கள் கூறுவோம். சாம்சங் டேப்களுக்குப் பழுது பார்ப்போர் பயன்படுத்தும் கோப்புத் தொகுப்பில் 'சி.எஸ்.சி.' என்றும் 'ஹோம் சி.எஸ்.சி.' என்றும் இரண்டு இருக்கும். முன்னதைத் தேர்ந்தால் எல்லாம் துடைக்கப்படும்; பின்னதைத் தேர்ந்தால் நம் உடைமைகள் இருந்தபடி இருக்கும். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேடைக் கணினியுடன் இணைத்து அவசர நிலைக்குக் கொண்டுவந்தால், 'அப்டேட்' என்றும் 'ரீஸ்டோர்' என்றும் இரண்டு பொத்தான்கள் தோன்றும். அப்டேட் இயங்குதளத்தை மட்டும் திரும்ப இடும். ரீஸ்டோர் அனைத்தையும் அழித்துவிட்டு இடும். ஒரு சொல்லைப் பார்த்துத் தொடுவதில் உள்ளது வேறுபாடு. விண்டோஸ் ஓடும் டேப்களுக்கு, 8 ஜி.பி.க்குக் குறையாத பென் டிரைவ் ஒன்றில் மைக்ரோசாப்டின் கோப்பை ஏற்றி, அதிலிருந்து இயக்கிப் புதிதாக இடலாம். அதில் பழைய பகுதிகளை அழிக்கும்படி சொன்னால் மட்டுமே சேமிப்பு முற்றிலும் போகும்.

நமது காரியத்தின்போது, டேப்பை அணைத்து, ஒலியைக் கூட்டும் பொத்தானையும் மின் பொத்தானையும் சேர்த்து அழுத்தி அவசர அறைக்குள் சென்றோம். இப்பொத்தான் முறை நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். பட்டியலில் 'அப்ளை அப்டேட் பிரம் ஏ.டி.பி.' என்னும் வரியைத் தேர்ந்து, கணினியிலிருந்து 'ஏ.டி.பி. சைட்லோட்' என்னும் கட்டளையுடன் கோப்பின் பெயரைச் சேர்த்து அனுப்பினோம். கணினித் திரையில் எண் ஏறிக்கொண்டே வந்து 47 சதவீதத்தில் நின்றுவிட்டது. அங்கத்தினர் எழுந்து நின்றுவிட்டார். பொத்தானின் மீது கை போயிற்று, நாம் தடுத்தோம். இந்த 47-இல் நிற்பது பலரும் கண்ட சங்கதி. கோப்பு இருமுறை வாசிக்கப்படும் என்று எண்ணிக் கணினி கணக்கிடுவதால், ஒரு முறை வாசித்தே வேலை முடிந்துவிட்டால் எண் பாதி வழியில் நிற்கும். டேப்பின் திரையில் எழுதப்படும் வாசகத்தையே நம்ப வேண்டும், கணினியின் எண்ணையன்று. அதிலே நிறைவுற்றது என்ற வாசகம் வந்த பின்னரே கேபிளைக் கழற்றினோம்.

புதிய இயங்குதளத்துடன் முதன்முறை எழும்ப டேப் பத்து நிமிஷத்திற்கு மேல் எடுத்துக்கொண்டது. முதல் முறை அப்படித்தான். பிறகு அவருடைய பேரனின் படம் திரையில் தோன்றியது. கரை மாதிரிகள் ஒன்றும் குறையாமல் இருந்தன.

எல்லோருக்கும் இவ்வாறு வாய்க்கும் என்று சொல்வதற்கில்லை. தரவு அறையும் கெட்டிருந்தால் முற்றிலும் துடைத்து இடுவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படித் துடைத்த பிறகு மற்றொரு பூட்டு காத்திருக்கும். 2015-இல் வந்த ஆண்டிராய்டு 5.1 பதிப்பு முதல், அவசர அறையின் வழியாகத் துடைக்கப்பட்ட டேப், முன்பு அதில் இருந்த கூகிள் கணக்கின் பெயரையும் கடவுச் சொல்லையும் கேட்டு, அவை கிடைக்கும் வரையில் திறவாது. களவு போன யந்திரம் கள்வனுக்குப் பயன்படலாகாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது, நல்லதே. ஆனால் நம் பகுதியில் நடப்பது வேறு. டேப் வாங்கும் அன்று கடைப் பையன் அவசரத்தில் ஏதோ ஒரு பெயரில் கணக்குத் தொடங்கிக் கொடுக்கிறான். கடவுச் சொல்லை உடையவர் ஒருநாளும் அறிந்ததில்லை. உழவன் செயலி ஓடுகிறது, பருத்தி ஏல விலையைப் பார்க்க முடிகிறது, படம் எடுக்க முடிகிறது. ஆகவே குறை தெரிவதில்லை. துடைத்த பின்னரே, தாம் தமது உடைமைக்குத் திறவுகோல் இல்லாதவர் என்பது அவருக்குத் தெரிகிறது. கணக்கின் பெயரையும் கடவுச் சொல்லையும் எழுதிப் பத்திரக் கட்டுடன் பெட்டியில் வைப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

உடையவர் விரும்பியபடி இயங்குதளத்தை மாற்ற இடம் கொடுத்த டேப் ஒன்றும் நம் நாட்டில் இருந்தது. 2011 அக்டோபர் 5-ஆம் நாள் புது தில்லியில் மத்திய அரசு வெளியிட்ட 'ஆகாஷ்' டேப்பை மூத்த அங்கத்தினர்கள் நினைவுகூரலாம். டேட்டாவிண்ட் நிறுவனம் செய்தது. 7 அங்குலத் திரையும் 256 எம்.பி. நினைவகமும் உடையது. மிக மெதுவாக ஓடுகிறதென்று குறை எழுந்தது. 2012 நவம்பர் 11-இல் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அவர்கள் வெளியிட்ட ஆகாஷ்-2, அரசுக்கு ரூ. 2,263 விலையில் வந்தது. அதன் சில்லு, இயக்கியவுடன் முதலில் நினைவட்டைத் துளையைப் பார்க்கும் இயல்புடையது. அட்டையில் வேறோர் இயங்குதளம் இருந்தால் அதனையே எழுப்பும். இதனைப் பயன்படுத்தி மும்பை ஐ.ஐ.டி.யினர் லினக்ஸை நினைவட்டையில் ஏற்றி ஆகாஷில் ஓடச் செய்தனர். அட்டையைச் செருகினால் லினக்ஸ். உருவினால் பழையபடி ஆண்டிராய்டு. உள்ளே இருந்தது எதுவும் அழியவில்லை. ஆகாஷ் திட்டம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்பது உண்மையே. ஆயினும் அந்தத் திறந்த கதவு ஒன்று மட்டும் இன்றைய விலையுயர்ந்த டேப்கள் பலவற்றில் இல்லாதது.

இன்றும் சில நிறுவனங்கள் வாயிற்காவலனின் பூட்டைத் திறக்க அனுமதிக்கின்றன. திறந்தால், உற்பத்தியாளர் கைவிட்ட பழைய டேப்பிற்கும் 'லீனியேஜ் ஓ.எஸ்.' போன்ற, தன்னார்வலர் கூடிச் செய்யும் இயங்குதளத்தை இடலாம். 2016-இன் முடிவில் நின்றுபோன 'சயனோஜென்மாட்' என்னும் முயற்சியின் வழிவந்தது அது. உலகெங்கும் உள்ளோர் கூலியின்றிச் சேர்ந்து நடத்துவதால் கூட்டுறவு அன்பர்களுக்கு அதன்மேல் பற்று உண்டாவது இயல்பு. ஆனால் இரண்டு விஷயங்களை முன்னரே அறிய வேண்டும். பூட்டைத் திறக்கும் அந்தக் கணமே தரவு அறை துடைக்கப்படும். பூட்டுத் திறந்த டேப்பில் சில வங்கிச் செயலிகளும் யு.பி.ஐ. செயலிகளும் ஓட மறுக்கும். ஏல முன்பணமும் நூல் பணமும் டேப்பின் வழியாகவே செல்லும் வீட்டில் இதனைச் செய்யலாகாது. பிள்ளைகள் படிக்க ஒதுக்கிய பழைய டேப்பில் தாராளமாகச் செய்யலாம்.

நமது அங்கத்தினரின் 140 மாதிரிகளையும் அன்றே இரண்டு பென் டிரைவ்களில் பிரதி எடுத்தோம். ஒன்று அவர் வீட்டில் இருக்கிறது. மற்றொன்று உறையிலிட்டு அவர் கையொப்பத்துடன் சங்கத்துப் பீரோவில் இருக்கிறது. படங்களைப் பிரதி எடுக்க விரும்பும் அங்கத்தினர்கள் பென் டிரைவுடன் அலுவலக நேரத்தில் வரலாம். டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே வருவது எளிது. கால் மணி நேர வேலை.

முந்திய ஆண்டில் எல்லாவற்றையும் இழந்த மற்றவரும் செய்தி கேட்டு அன்று மாலை வந்திருந்தார். தம் மாதிரிகளுள் ஒன்றேனும் மீளுமா என்று கேட்டார்; மீளாது என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வீட்டு அம்மையார் தம் கல்யாணத்திற்குப் பின் வந்த முதல் தீபாவளிக்கு உடுத்த சேலை ஒன்றைப் பெட்டியில் வைத்திருக்கிறாராம். அதன் கரை அவர் வரைந்த மாதிரியே. இப்பொழுது ஞாயிற்றுக்கிழமைகளில் பூதக்கண்ணாடியை வைத்து அச்சேலையின் இழைகளை எண்ணி, கட்டம் கட்டமாகக் கிராப் தாளில் மறுபடி எழுதிவருகிறார். சென்ற வாரம் வரையில் ஒரு சாண் முடிந்திருக்கிறது.